வால்வின் முதல் திறப்பு

அமாவாசை வந்தால் பஸ்ஸெல்லாம் மேல்மலையனூர் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அன்றைக்கென்று பார்த்து தாஹிராவுக்கு இரண்டு ஊரில் வேலை. திண்டிவனத்தில் ஒன்றை முடித்துவிட்டு, அழுத்தம் அளக்கிற கேலிபிரேட்டர் பெட்டியை மார்போடு அணைத்தபடி வழியெல்லாம் நின்றுகொண்டே வந்தாள். வல்லம் தாண்டி கோவிந்தசாமியின் அரிசி மில்லில் இறங்கியபோது இடுப்பு விட்டுப்போயிருந்தது.

பாய்லரில் நீராவி அளவு மீறினால் தானாகத் திறந்து வெளியே தள்ளுகிற சேஃப்டி வால்வைச் சோதிப்பது அவள் வேலை. அது திறக்காவிட்டால் பாய்லர் வெடிக்கும், அவ்வளவுதான் விஷயம். இந்த மில்லின் பாய்லரை எரிப்பவன் அவளுடைய புருஷன் அமீர் ஜான். முதலாளிக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும். யாருக்கும் அது தப்பாகப் படவில்லை.

படாததால்தான் அமீர் ஒரு காரியம் செய்து வைத்திருந்தான். வரப்போவது நம் வீட்டம்மாதானே, சாயங்காலமே அடுப்பு மூட்டிவிடலாம் என்று முதலாளியிடம் சொல்லி, தொட்டி முழுக்க நெல்லை ஊறப் போட்டுவிட்டான். ஊறிய நெல் காத்திருக்காது. நேரத்துக்கு அவிக்காவிட்டால் புளித்து நாறும். இதை வாசலிலேயே கேள்விப்பட்ட தாஹிராவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சண்டை போடக்கூடத் தெம்பில்லை.

கழற்றி வைத்திருந்த இரண்டு வால்வுகளில் ஒன்றை எடுத்து இரும்பு ஸ்டாண்டில் மாட்டினாள். கைப்பம்பின் குழாயைக் கோத்தாள். கேலிபிரேட்டரில் வால்வு டெஸ்டைத் தேர்ந்தெடுத்து, திறக்க வேண்டிய அழுத்தம் பத்தரை கிலோ, மூன்று தடவை என்று பதித்தாள். வால்வு எந்த அழுத்தத்தில் திறக்கிறதோ அதைக் கருவியே பிடித்து வைத்துக்கொள்ளும். ஆனால் ஸ்டார்ட் அமுக்கும் முன் சும்மா இரண்டு மூன்று தரம் அடித்துத் திறக்க விடுவது தொழிலில் எல்லாருக்கும் பழக்கம். தூக்கம் கலைப்பது என்பார்கள். வருஷம் முழுக்க அசையாமல் கிடந்தது முதலில் கொஞ்சம் முரண்டு பிடிக்கும், அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று சமாதானமும் சொல்வார்கள். அவளும் அப்படியே செய்து பழகியவள். முதல் வால்வு சமர்த்தாகத் தேறியது.

இரண்டாவதை மாட்டும்போது கண் செருகியது. தூக்கம் கலைக்க மறந்து நேரே ஸ்டார்ட்டை அமுக்கிவிட்டாள். பம்பு அடித்தாள். பத்தரை வந்தது, போனது. பதினொன்று. பன்னிரண்டு. கை தயங்கியது. பதினான்கைத் தாண்டித்தான் டப்பென்று திறந்தது. தூக்கம் கலைந்தது அவளுக்கு. அடுத்த இரண்டு தடவையும் எதுவுமே நடக்காததுபோல் பத்தரையில் திறந்தது. மற்ற இரண்டோடு ஒத்துப்போகாத முதலாவதை வைத்துக்கொள்ளவா, அழிக்கவா என்று கருவி கேட்டது.

அமீர் பின்னால் வந்து நின்றிருந்தான்.

"மொதல் ஒண்ண அழிச்சிட்டு இன்னொரு வாட்டி எடு தாஹிரா. எப்பவும் அப்டித்தான செய்வ."

எப்போதும் அப்படித்தான் செய்வாள். ஆனால் பாய்லரில் அளவு மீறும்போது தூக்கம் கலைக்க யார் இருக்கிறார்கள்? அங்கே முதல் திறப்புதான் ஒரே திறப்பு. இத்தனை நாள் இது புத்தியில் ஏறாமல் எங்கே போயிருந்தது? பாய்லர் அடுப்பில் உமி போடும் வாய்க்குப் பக்கத்தில் அமீர் உட்காரும் முக்காலியைப் பார்த்தாள். மேலே அவன் துண்டு தொங்கியது.

"இத மாட்டக் கூடாதுங்க" என்று முதலாளிக்கும் கேட்கும்படி சொல்லி, வைத்துக்கொள் என்பதை அமுக்கினாள்.

வால்வு விழுப்புரம் பட்டறைக்குப் போய்த் திரும்பும்வரை அடுப்பு மூட்ட முடியாது. கோவிந்தசாமி கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் போய்த் தொட்டியில் கைவிட்டு ஒரு பிடி நெல்லை அள்ளி முகர்ந்து பார்த்தார். பிறகு அமீரைப் பார்த்தார். அமீர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டான்.

வீடு திரும்பும்போது அமீரின் பைக்கில் இருவருக்கும் நடுவில் கேலிபிரேட்டர் பெட்டி இருந்தது. முதலாளி முகத்தில் இனி எப்படி முழிப்பேன் என்று பாதி வழி வரை புலம்பினான். அவன் முதுகில் சாய வேண்டும்போல் இருந்தது அவளுக்கு. பெட்டி இடித்தது. செஞ்சிக் கோட்டை மலை கண்ணுக்குத் தெரிந்தபோது வண்டியை ஓரம் கட்டினான்.

"ஒண்ணு கேக்கறேன். நான் இல்லாம அங்க வேற எவனாச்சும் அடுப்பு எரிச்சிருந்தா, அந்த மொதல் ஒண்ண அழிச்சிருப்பியா மாட்டியா?"

கோபமாகக் கேட்டிருந்தால் கோபமாகவே பதில் சொல்லியிருப்பாள். அவன் அப்படிக் கேட்கவில்லை. மாட்டேன் என்று சொல்ல வாயெடுத்தாள். வரவில்லை.

"அழிச்சிருப்பேன்" என்றாள்.

அமீர் வண்டியை எடுத்தான். நாளைக்கு அவளுக்கு மேல்சித்தாமூர் பக்கத்து மில்லில் வேலை. வருஷா வருஷம் போகிற இடம். அங்கே அடுப்பு எரிப்பவர் பெயர் என்ன என்று யோசித்துப் பார்த்தாள். அவள் ஒருமுறைகூடக் கேட்டதில்லை.