டெஸ்ஸா படித்துக் காட்டிய கடிதம்

கிறிஸ்துமஸ் விடுமுறை முடிந்து பள்ளி திறந்த அன்று ஆசிரியர் அறைச் சுவர் முழுக்க அட்டைகள் ஒட்டியிருந்தன. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் நாற்பத்தேழு பேருக்கும் ஆளுக்கு ஓர் அட்டை. பெயர், புகைப்படம், கீழே டிசம்பர் மதிப்பெண். பச்சை அட்டை என்றால் ஏப்ரல் தேர்வில் தானாகவே தேறிவிடுவார்கள். மஞ்சள் என்றால் கொஞ்சம் தூக்கிவிட்டால் தேறுவார்கள். சிவப்பு என்றால் தேற மாட்டார்கள்.

நான் அந்தப் பள்ளியின் வாசிப்பு ஆசிரியை, வெர்னா ஸ்டக்கி. எழுத்துக் கூட்டிப் படிக்கத் திணறும் பிள்ளைகளை இரண்டு மூன்று பேராக என் அறைக்கு அழைத்து வந்து சொல்லித்தருவது என் வேலை. பதினெட்டு வருடமாக அதைத்தான் செய்துகொண்டிருந்தேன்.

மாநில அரசு எங்கள் பள்ளிக்கு இரண்டு வருடம் தொடர்ந்து கடைசித் தரமான ‘எஃப்’ கொடுத்திருந்தது. மூன்றாவது வருடமும் அதே வந்தால் பள்ளியை மூடிவிட்டு, பிள்ளைகளை இருபது மைல் தள்ளி இன்னொரு ஊருக்கு பஸ்ஸில் அனுப்பிவிடுவார்கள் என்று பேச்சு. ஒஹையோ ஆற்றங்கரையில் செங்கல் சூளை மூடிப்போன எங்கள் ஊரில், பள்ளியையும் விட்டால் தபால் நிலையம்தான் மிச்சம்.

தலைமை ஆசிரியர் டீன் ஃபார்ரோ சுவருக்கு முன்னால் என்னை நிறுத்திக்கொண்டார். ஒரு காலத்தில் நாங்கள் இருவரும் அடுத்தடுத்த அறைகளில் பாடம் எடுத்தவர்கள்.

“வெர்னா, இனிமே உன் நேரம் மொத்தமும் மஞ்சளுக்குத்தான்.”

“அப்ப சிவப்பு?”

“வாசிப்பு சொல்லித்தர்ற கம்ப்யூட்டர் ப்ரோக்ராம் ஒண்ணு வாங்கியிருக்கோம். ஹெட்ஃபோனை மாட்டி உக்கார வெச்சிடலாம்.”

சிவப்பு வரிசையின் கடைசியில் டெஸ்ஸா ரிக்ஸ் இருந்தாள். புகைப்படத்திலும் தலை கலைந்துதான் இருந்தது. “டீன், இந்தப் பொண்ணு ஆகஸ்ட்ல மூணெழுத்து வார்த்தையைக்கூடக் கூட்டத் தெரியாம வந்தா. இப்ப ஒரு முழுப் பக்கம் படிக்கிறா.”

“ஒண்ணாங் கிளாஸ் பக்கம்.”

“நாலு மாசத்துல அவ்வளவு தூரம் வந்திருக்காளே!”

“நான் இல்லேங்கலியே. ஏப்ரலுக்குள்ள தேறுவாளா? அதை மட்டும் சொல்லு.”

“மாட்டா.”

“மஞ்சள்ல ஆறு பேர் இருக்காங்க. ஹார்லனுக்கு நாலே மார்க்தான் குறையுது. இவங்க தேறினா ஸ்கூல் நிக்கும். நின்னாத்தானே அடுத்த வருஷம் டெஸ்ஸாவுக்கு நீ இருப்ப?”

அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை.

ஒரு பிள்ளைக்குக் கிடைக்கும் உதவி மாறினால் வீட்டுக்குக் கடிதம் அனுப்பிக் கையெழுத்து வாங்க வேண்டும். மாதிரிக் கடிதம் மேலிடத்திலிருந்து வந்திருந்தது. அதைப் பார்த்து நான்தான் எழுதினேன்: ‘மாணவி டெஸ்ஸாவின் வாசிப்பு மேம்பாட்டு ஆதரவு, மதிப்பீட்டு முடிவுகளின் அடிப்படையில், கணினிவழித் தன்னியக்கப் பயிற்சியாக மறுசீரமைக்கப்படுகிறது.’ எழுதும்போதே இது ஒருவருக்கும் புரியாது என்று தெரிந்தது. புரியாமல் இருப்பது எனக்கு வசதியாகவும் இருந்தது. இரண்டே நாளில் அவள் அப்பாவின் கையெழுத்தோடு திரும்பி வந்தது.

அடுத்த திங்கள் காலை, பத்து இருபதுக்கு, வழக்கம்போல டெஸ்ஸா என் அறை வாசலில் வந்து நின்றாள்.

“மிஸ், என்னைக் கூப்பிட மறந்துட்டீங்க.”

“மறக்கல கண்ணு. கொஞ்ச நாளைக்கு நீ கம்ப்யூட்டர்ல படி.”

“அது மோசம் மிஸ். எதை அமுக்கினாலும் மூணாவது தடவை அதுவே விடையைச் சொல்லிடுது. அப்புறம் எனக்கு நட்சத்திரம் வேற குடுக்குது.”

உள்ளேயிருந்து ஹார்லன் கத்தினான்: “ஏய், இது எங்க டைம்!” மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். அவள் என்னைப் பார்த்தாள். அவனை அடக்குவேன் என்று எதிர்பார்த்தாளோ என்னவோ. “கிளாசுக்குப் போம்மா” என்றேன். அந்த வாரம் முழுக்க வந்தாள். மறு வாரம் இரண்டு நாள் வந்தாள். பிறகு வரவில்லை.

பிப்ரவரியில் படிக்கட்டில் உறைந்த பனியைக் கரைக்க உப்பு வாங்க ஹார்டுவேர் கடைக்குப் போயிருந்தபோது அவளுடைய அப்பா ராய்ஸைப் பார்த்தேன். கூரை போடும் வேலை செய்பவர். மனைவி விட்டுப் போனதிலிருந்து மகளைத் தனியாக வளர்க்கிறார். நான் கேட்காமலேயே உப்பு மூட்டையைத் தூக்கி வந்து என் காரில் வைத்தார்.

“எம்பொண்ணு எப்படிப் படிக்கிறா மிஸ்?”

“நல்லா முயற்சி பண்றா.”

“உங்ககிட்ட இருக்கிற வரைக்கும் எனக்குக் கவலையே இல்ல” என்று சொல்லிவிட்டு, கையுறையைத் தட்டிக்கொண்டே போனார். காருக்குள் உட்கார்ந்து வெகுநேரம் சாவியைத் திருப்பாமல் இருந்தேன். மறுநாள் போன் செய்து சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். செய்யவில்லை.

மே மாதம் முடிவுகள் வந்தன. மஞ்சளில் ஆறு பேரில் ஐந்து பேர் தேறினார்கள். எங்களுக்கு ‘எஃப்’புக்கு ஒரு படி மேலே ‘டி’ கிடைத்தது, பள்ளி தப்பியது. ஹார்லனின் அம்மா பெரிய கேக் ஒன்று செய்து கொண்டுவந்து, என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். அந்த மகிழ்ச்சி பொய்யில்லை. நானும் இரண்டு துண்டு சாப்பிட்டேன்.

அதே வாரத்தில் ராய்ஸை வரச் சொன்னோம். வேலையிலிருந்து நேரே வந்திருந்தார். முழங்கையெல்லாம் தார். சின்ன நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

“டெஸ்ஸா மூணாம் கிளாஸைத் திரும்பப் படிக்கணும், மிஸ்டர் ரிக்ஸ்” என்றார் டீன். “தேறலைன்னா மேல அனுப்பக் கூடாதுங்கறது சட்டம்.”

“அது எப்படி? வருஷம் பூரா இவங்ககிட்டத் தினமும் படிச்சாளே?”

“ஜனவரியில அது மாறிடுச்சு. கடுதாசி அனுப்பினோம். உங்க கையெழுத்து இருக்கு பாருங்க.”

டீன் காகிதத்தை நகர்த்தி வைத்தார். ராய்ஸ் குனிந்து அதையே பார்த்தார். அவர் கண்கள் வரிகளின் மேல் நகரவே இல்லை. ஒரே இடத்தில் நின்றிருந்தன. பதினெட்டு வருடம் இந்த வேலை பார்த்தவளுக்கு அதற்கு மேல் எதுவும் வேண்டியிருக்கவில்லை.

“எனக்கு அவ்வளவா படிக்க வராது” என்றார் மெதுவாக. “வீட்டுக்கு வர்ற கடுதாசியெல்லாம் டெஸ்ஸாதான் படிச்சுக் காட்டுவா. உங்ககிட்ட வந்ததுக்கப்புறம் அவளுக்கு அதுல ஒரு பெருமை. பெரிய வார்த்தை வந்தா தாண்டிப் போயிடுவா. இதையும் அவதான் படிச்சா. ‘டெஸ்ஸா, வாசிப்பு, கம்ப்யூட்டர்’. ‘இனிமே எனக்குக் கம்ப்யூட்டரும் சேத்துத் தர்றாங்கப்பா’ன்னா. சந்தோஷமாக் கையெழுத்துப் போட்டேன்.”

டீன் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இதுல என்ன எழுதியிருக்கு மிஸ்? நீங்க படிங்க.”

படித்தேன். என் குரலே எனக்கு அசிங்கமாகக் கேட்டது.

“இதுக்கு என்ன அர்த்தம்?”

“அதாவது, மிஸ்டர் ரிக்ஸ்...” என்று டீன் ஆரம்பித்தார்.

“நான் அவங்களைக் கேட்டேன்.”

“டெஸ்ஸா தேற மாட்டான்னு நாங்க ஜனவரியிலயே முடிவு பண்ணிட்டோம். அவளோட நேரத்தை எடுத்து, தேறக்கூடிய பிள்ளைங்களுக்குக் குடுத்தோம். அதைத்தான் இப்படிச் சுத்தி வளைச்சு எழுதினேன். கடையில நீங்க கேட்டப்பவாவது நான் சொல்லியிருக்கணும்.”

அவர் கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. “நானும் இந்த ஸ்கூல்லதான் படிச்சேன்” என்றார். “என்னைக் கடைசியில உக்கார வெச்சு கலர் பென்சில் குடுத்துடுவாங்க. எங்கப்பாவுக்கு யாரும் கடுதாசிகூடப் போடல.” எழுந்து வெளியே போய்விட்டார்.

அவருடைய டிரக் வரை பின்னாலேயே ஓடினேன். “ஜூன்ல நான் தினமும் உங்க வீட்டுக்கு வந்து சொல்லித்தர்றேன். ஒண்ணும் தர வேணாம்.”

“வேணாம் மிஸ்.” கதவைத் திறந்தவர் என்னைத் திரும்பிப் பார்க்காமல் சொன்னார்: “நீங்க வந்தா அவ ஓடி வந்து உங்களைக் கட்டிப்பா. அதைப் பாக்க என்னால ஆகாது.”

ஜூலையில், ஆற்றுக்கு அந்தக் கரையிலுள்ள பள்ளியொன்று டெஸ்ஸாவின் கோப்பைக் கேட்டு எழுதியிருந்தது. ராய்ஸ் வீட்டை மாற்றிக்கொண்டு போயிருந்தார். கோப்பில் என் கைப்பட ஒரு பக்கம் எழுதி வைத்தேன். அவள் எதுவரை வந்தாள், எந்தத் தேதியில் நிறுத்தினோம், ஏன் நிறுத்தினோம் எல்லாம். டீன் அதைப் படித்துவிட்டு, “இது வக்கீல் கைக்குப் போனா என்ன ஆகும் தெரியுமா?” என்றார்.

“தெரியும்.”

கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார். பிறகு அவரே உறைக்குள் போட்டு ஒட்டினார்.

அக்டோபரில் அந்தப் பள்ளியின் ஆசிரியை ஒருத்தி போன் செய்தாள். இளம்பெண் குரல். “நீங்க எழுதி வெச்ச பக்கத்தைப் படிச்சேன். ஒண்ணு மட்டும் கேக்கணும். டெஸ்ஸா சத்தமாப் படிக்கவே மாட்டேங்கறா. ‘தப்பாப் படிச்சா என்னை வெளிய அனுப்பிடுவீங்களா’ன்னு தினமும் கேக்குறா. அங்க யாராவது அவகிட்ட அப்படிச் சொன்னாங்களா?”

“யாரும் சொல்லல” என்றேன். “அவளாவே புரிஞ்சுக்கிட்டா.”

“சரி. எந்த எழுத்துச் சேர்க்கையில எல்லாம் அவ திணறுவான்னு உங்களுக்கு ஞாபகம் இருக்கா?” என்று கேட்டாள்.

இருந்தது. ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவள் எழுதிக்கொண்டாள்.