மடிக்கிற போனுக்கு நல்ல நாள்

பூமிகா சொன்ன கணக்கு தப்பாகிப் போனது. அதில் எல்லோரையும்விட அதிகமாகச் சந்தோஷப்பட்டவள் பூமிகாதான்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் செல்போன் தயாரிக்கும் கம்பெனி ஒன்றில் அவளுக்கு வேலை. ஒரு புது போன் கடைக்கு வருவதற்கு முன்பே அது எத்தனை விற்கும் என்று மதிப்பிட்டுச் சொல்ல வேண்டும். அவள் சொல்வதை வைத்துத்தான் பாகங்கள் வாங்குவார்கள், ஆள் எடுப்பார்கள். குறைத்துச் சொன்னால் கடைக்காரர்கள் போன் வரவில்லை என்று கத்துவார்கள். கூட்டிச் சொன்னால் அட்டைப்பெட்டிகள் குடோன் கூரையைத் தொடும். எது நடந்தாலும் எல்லோரும் திரும்பிப் பார்ப்பது அவளைத்தான்.

அந்த வருஷம் வரவிருந்தது புத்தகம்போல மடிக்கிற போன். அந்தக் கம்பெனி அதுவரை செய்ததிலேயே விலை கூடியது. அந்தப் பணத்தில் நல்ல பைக் ஒன்றை வாங்கிவிட்டுப் பெட்ரோலும் போட்டுக்கொள்ளலாம். தொழிற்சாலையில் ஒரு உற்பத்தி லைன் மட்டும் ஓட்டுவதா, இரண்டு லைன் ஓட்டுவதா என்பதுதான் கேள்வி. இரண்டாவது லைனில் இருந்தவர்கள் எல்லோரும் கான்ட்ராக்ட் பெண்கள். பழைய மாடல் முடிந்துகொண்டிருந்தது. புது போனுக்கு அவர்கள் தேவையில்லை என்றால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

அவர்களில் ஒருத்தி பானு. பழவேற்காட்டில் ஏரியில் மீன் பிடிக்கிற குடும்பம். கம்பெனி பஸ்ஸில் பூமிகாவுக்குப் பக்கத்து சீட். பூமிகா பொன்னேரியில் இறங்கிவிடுவாள், பானு கடைசி வரை போவாள்.

"நீங்கதானேக்கா எத்தினி போன் விக்கும்னு சொல்றது?" என்று ஒரு நாள் பானு நேராகவே கேட்டாள்.

"ஆமா. யார் சொன்னது?"

"லைன்ல எல்லாருக்கும் தெரியும். கொஞ்சம் சேத்தே சொல்லி வுடுங்கக்கா. விக்கலன்னா இன்னா, கம்பெனிதானே, தாங்காதா?"

"தாங்காது பானு. பொய்யா ஒரு கணக்கு சொல்லி, செஞ்சது எல்லாம் தேங்கிப்போச்சுன்னா ரெண்டு லைனையும் நிறுத்திடுவாங்க. அப்ப உன்கூட சேந்து இன்னும் நெறைய பேர் ஊட்ல ஒக்காரணும்."

பானு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மறுநாள் அவள் பின்சீட்டில் போய் உட்கார்ந்தாள்.

விற்பனைப் பிரிவுத் தலைவர் சபரிநாதன் கையில் ஒரு சர்வே வைத்திருந்தார். சென்னையில் பெரிய மால்களில் எடுத்தது. இந்த போனை வாங்குவீர்களா என்று கேட்டதற்குப் பாதிப் பேருக்கு மேல் வாங்குவோம் என்று சொல்லியிருந்தார்கள். பூமிகாவுக்கு அதில் நம்பிக்கை இல்லை. கையில் பையோடு ஏசியில் உலாத்துகிறவரிடம் கேட்டால் யார்தான் மாட்டேன் என்பார்கள்? அவள் ஒரு டெமோ பீஸை வாங்கிக்கொண்டு கடை கடையாகப் புறப்பட்டாள். பொன்னேரி, திருவள்ளூர், கடம்பத்தூர், திருத்தணி, பொதட்டூர்பேட்டை.

எல்லா இடத்திலும் ஒரே காட்சி. வந்தவர்கள் போனை விரிப்பார்கள், மூடுவார்கள், மறுபடி விரிப்பார்கள். பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிட்டுக் காட்டுவார்கள். "செமயா கீது" என்பார்கள். அப்புறம் பழைய போனுக்கு ஒரு கவர் வாங்கிக்கொண்டு போவார்கள். பூமிகா அவர்களிடம் வாங்குவீர்களா என்று கேட்கவில்லை. பேரைக் கொடுத்து ஒரு சின்ன முன்பணம் கட்டுங்கள், வேண்டாமென்றால் திருப்பித் தந்துவிடுவோம் என்றாள். அங்கேதான் எல்லோரும் பின்வாங்கினார்கள். "பாக்கலாம்மா." "ஊட்ல கேட்டுச் சொல்றேன்." "ஆடி போவட்டும், அப்பறம் பாக்கலாம்." இதையெல்லாம் அவள் வேண்டாம் என்ற கணக்கில்தான் சேர்த்தாள். வேண்டாம் என்று முகத்துக்கு நேராகச் சொல்லக் கூச்சப்படுகிறவர்கள் இப்படித்தானே பேசுவார்கள்.

கூட்டத்தில் தொழிற்சாலை மேலாளர் அருணகிரி கேட்டபோது, "ஒரு லைன் போதும் சார்" என்றாள்.

சபரிநாதன் நாற்காலியைப் பின்னால் தள்ளினார். "நாலு கடைய பாத்துட்டு வந்து நாட்டுக்கே கணக்கு சொல்றாங்க சார் இவங்க."

"எவ்வளவு உறுதியா சொல்றீங்க?" என்று அருணகிரி அவளைப் பார்த்துக் கேட்டார். அவர் அதிகம் பேச மாட்டார். கேட்ட கேள்விக்குப் பதில் வரும்வரை பேனாவைக்கூட அசைக்க மாட்டார்.

"முன்பணம் கட்டச் சொன்னேன், யாரும் கட்டல. அது வரைக்கும் உறுதி சார். ஏன் கட்டலங்கறது எனக்கு முழுசா புரியல. அதனால இரண்டாவது லைன் ஆளுங்கள உடனே அனுப்ப வேணாம். போன் கடைக்கு வந்து ரெண்டு மூணு வாரம் எப்படிப் போவுதுன்னு பாத்துட்டு முடிவு பண்ணலாம். அதுவரைக்கும் பழைய மாடல் ரிப்பேர் வேலைல வச்சிக்கலாம்."

ஜூலைக் கடைசி வரை வைத்திருக்கலாம் என்றார் அருணகிரி. பூமிகா வெளியே வந்து தண்ணீர் குடித்தாள்.

போன் ஆடி பிறந்த வாரத்தில் கடைக்கு வந்தது. எங்கோ இருக்கும் தலைமை அலுவலகத்தில் யாரோ உட்கார்ந்து குறித்த தேதி. ஆடித் தள்ளுபடிக் கூட்டம் இருக்கும், நல்லதுதான் என்று சபரிநாதனும் சொன்னார். கூட்டம் இருந்தது. சேலை போனது, குக்கர் போனது, சின்ன விலை போன்கள் மூட்டை மூட்டையாகப் போயின. மடிக்கிற போன் மட்டும் கண்ணாடிப் பெட்டிக்குள் விளக்கு வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்தது. முதல் வாரத்தில் பூமிகா சொன்ன அளவுகூடப் போகவில்லை.

சொன்னது சரியாக இருந்தால் மனசு நிம்மதியாக இருக்க வேண்டும். அவளுக்கு இல்லை. தினமும் பஸ்ஸில் ஏறும்போது பின்சீட்டைப் பார்ப்பாள். பானு காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடியிருப்பாள். வீட்டில் கணவன் விஜயகுமார், "நீ இன்னா பண்ணுவ, இருக்கறதத்தானே சொன்ன" என்றான். அது அவளுக்கும் தெரியும். தெரிந்தும் சோறு இறங்கவில்லை.

ஜூலைக் கடைசி நெருங்கிய ஒரு காலையில், கம்ப்யூட்டரில் கடைவாரியாக முந்தைய நாள் விற்பனையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மற்ற ஊர்கள் எல்லாம் படுத்துக் கிடந்தன. ஆரம்பாக்கமும் ஊத்துக்கோட்டையும் மட்டும் திடீரென்று எழுந்திருந்தன. மறுநாள் இன்னும் கொஞ்சம். இரண்டுமே ஆந்திரா எல்லையை ஒட்டிய ஊர்கள்.

"அந்தப் பக்கத்து டீலர் எவனாவது மொத்தமா தூக்கறானா இருக்கும்" என்றார் சபரிநாதன். "வேற இன்னா?"

பூமிகா மதியமே ரயிலேறி ஆரம்பாக்கம் போனாள். கோபால் என்பவரின் கடை, பஸ் ஸ்டாப்புக்கு எதிரில். விற்பனை பற்றிப் பார்க்க வந்திருப்பதாகச் சொன்னதும் அவர் ஒரு ஸ்டூலைத் தட்டிப் போட்டார். "ஒக்காருங்க மேடம். இத்தினி நாளா ஈ ஓட்டிக்கினு கெடந்தேன், பேஜாரா பூட்ச்சி. மூணு நாளா பரவால்ல. டீலரு கீலரு யாரும் வர்ல, எல்லாம் ஊட்டுக்காரங்கதான்."

அவள் உட்கார்ந்திருக்கும்போதே ஒரு குடும்பம் வந்தது. கணவன், மனைவி, கல்லூரியில் படிக்கிற மகள். தங்களுக்குள் தெலுங்கில் பேசிக்கொண்டார்கள். ஏற்கெனவே வந்து பார்த்துவிட்டுப் போனவர்கள்போல நேராக மடிக்கிற போனைக் கேட்டார்கள். பெட்டி கைக்கு வந்ததும் அந்த அம்மாள் பர்ஸிலிருந்து ஒரு குங்குமப் பொட்டலத்தை எடுத்து, பெட்டியின் மூலையில் ஒரு பொட்டு வைத்தாள்.

பூமிகா எழுந்து பக்கத்தில் போனாள். "அக்கா, நான் இந்த போன் செய்யற கம்பெனி. முன்னாடியே பாத்துட்டுப் போனீங்களா?"

"ரெண்டு வாரம் முன்னாடியே பாத்துட்டோம்மா. ஆஷாடத்துல எப்படி வாங்கறது? இப்பதானே சிராவணம் பொறந்துச்சி."

"போனுக்குக்கூடவா மாசம் பாப்பீங்க?"

அந்த அம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சும்மா போனுக்கு யாரு பாக்கறாங்க? இது வண்டி வெல இல்ல? இவ்ளோ டப்பு போட்டு வாங்கறது நல்ல நாள்ல வாங்கக் கூடாதா?"

பூமிகா ஸ்டூலில் மறுபடி உட்கார்ந்தாள். தெலுங்கு மாதக் கணக்கு அமாவாசையோடு மாறும். அவர்களுக்கு ஆஷாடம் முடிந்துவிட்டது. தமிழ்க் குடும்பங்களுக்கு ஆடி பாதிகூட முடியவில்லை. திருத்தணியிலும் திருவள்ளூரிலும் "ஆடி போவட்டும்" என்றவர்கள் கூச்சத்தில் சொல்லவில்லை. ஆடி போகட்டும் என்பதைத்தான் சொல்லியிருக்கிறார்கள். அவள் வீட்டிலும் ஆடியில் நகை எடுக்க மாட்டார்கள், வண்டி எடுக்க மாட்டார்கள். ஆனால் போன் அந்த வரிசையில் வரும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. விலை அதை அந்த வரிசையில் கொண்டுபோய் வைத்துவிட்டது.

கோபால் வாங்கி வந்த டீயை ஒரே மூச்சில் குடித்துவிட்டு அடுத்த ரயிலைப் பிடித்தாள்.

அருணகிரி முழுவதையும் கேட்டார். "ஆடித் தள்ளுபடியில டிவி, ஃப்ரிட்ஜ் எல்லாம் போவுதே பூமிகா?"

"அதெல்லாம் வெல கொறையறதால போவுது சார். இதுக்குத் தள்ளுபடியே இல்லியே. அப்பறம் எதுக்கு ஆடியில வாங்கணும்?"

"போன மாசம் ஒரு லைன் போதும்னீங்க. இப்ப ரெண்டு வேணும்றீங்க. நான் எத நம்பறது?"

"அப்ப தெரிஞ்சத அப்ப சொன்னேன் சார். 'ஆடி போவட்டும்'னு அவங்க சொன்னத நான் தப்பா எடுத்துக்கிட்டேன். இப்ப எல்லையில நடக்கறது ஆவணி பொறந்தா இங்கயும் நடக்கும். ஆனா அந்த சர்வே அளவுக்கு வராது. அதையும் இப்பவே சொல்லிடறேன்."

அவர் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். கன்டெய்னர் லாரி ஒன்று ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்தது. "ரெண்டாவது லைன ஆவணி முதல் வாரம் வரைக்கும் வச்சிருக்கேன். பாகத்துக்கும் சொல்லி வைக்கறேன். அதுக்கு மேல மேலிடத்துல என்னால பேச முடியாது."

மிச்ச ஆடி ஊர்ந்துதான் போனது. எல்லைக் கடைகளில் மட்டும் விற்பனை நின்றபாடில்லை. வரலட்சுமி விரதத்தை ஒட்டி இன்னும் ஏறியது. பூமிகா அதையே பிடித்துக்கொண்டு நாளைத் தள்ளினாள்.

ஆவணி பிறந்த அன்று காலையில் ஒன்றும் நடக்கவில்லை. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தவள் எழுந்து கேன்டீனுக்குப் போய், எதுவும் வாங்காமல் திரும்பி வந்தாள். மதியத்துக்கு மேல் திருவள்ளூரில் அசைவு தெரிந்தது. பிறகு பொன்னேரி. பிறகு திருத்தணி. சாயங்காலம் கடைக்காரர்கள் கையிருப்பு போதாது என்று போன் செய்ய ஆரம்பித்தார்கள். அடுத்து வந்த முகூர்த்த வெள்ளிக்கிழமை சபரிநாதன் தன் அறையிலிருந்து ஓடியே வந்தார்.

"பொதட்டூர்பேட்டைல கேக்கறாங்கம்மா! பொதட்டூர்பேட்டைல! கல்யாணச் சீருக்கு மூணு ஊட்டுக்காரங்க கேட்டாங்களாம். நான் அப்பவே சொன்னேனா இல்லியா?"

"சொன்னீங்க சார்" என்று பூமிகா வாய்விட்டுச் சிரித்தாள். அவர் சொன்னதில் பாதிகூட வரவில்லை. அவள் முதலில் சொன்னதைவிட நிறைய வந்திருந்தது. இரண்டு லைனுக்கும் தீபாவளி வரை வேலை இருந்தது, அது போதும். அன்று மதியம் அருணகிரி இரண்டாவது லைனுக்கு நேராகப் போய், யாரும் போக வேண்டியதில்லை என்று சொல்லிவிட்டு வந்தார். உள்ளேயிருந்து எழுந்த சத்தம் அலுவலகம் வரை கேட்டது.

சாயங்காலம் பஸ்ஸில் பானு பழைய சீட்டுக்கு வந்து உட்கார்ந்தாள்.

"ஒங்க மேல கோவமா இருந்தேங்க்கா."

"தெரியும்."

"இப்ப இல்ல."

"அதுவும் தெரியும்" என்றாள் பூமிகா. இருவரும் சிரித்தார்கள். ஒரு மாதத் தூக்கம் பூமிகாவின் கண்ணில் வந்து இறங்கியது. ஜன்னல் காற்று முகத்தில் பட, எந்த இடத்தில் தூங்கினாள் என்றே தெரியவில்லை.

கண் விழித்தபோது உப்புக் காற்று வீசியது. பஸ் நின்றிருந்தது. வெளியே படகுகள், வலைகள், இன்னும் வெளிச்சம் மிச்சமிருந்த ஏரி.

"ஐயோ, பொன்னேரி?"

"அது எப்பவோ பூட்ச்சி. எழுப்ப மனசு வர்லக்கா, அப்படித் தூங்கிக்கினு இருந்தீங்க. வாங்க, ஊட்டுக்குப் போலாம். அம்மா இறா தொக்கு வச்சிருக்கும். சாப்ட்டுட்டு அடுத்த பஸ்ல போங்க."

பூமிகா விஜயகுமாருக்கு போன் செய்து, "நான் பழவேற்காட்டுல இருக்கேன்" என்றாள். அவன் பதறிப்போய் என்ன ஆச்சு என்று கேட்டான்.

"ஒண்ணும் ஆகல. பசிக்குது, அவ்ளோதான்" என்று சொல்லிவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பானுவுக்குப் பின்னால் மணலில் இறங்கி நடந்தாள்.