முதலாளியின் விரத நாள்

அன்று சாயங்காலம் அந்த அலுமினியத் தட்டைச் சுற்றி இருந்தவர்கள்: பாட்டில் கம்பெனியில் கண்ணாடி உலை பார்க்கும் வேலையை விட்டுவிட்டு வந்தவன், பள்ளிச் சீருடை தைக்கும் அவன் மனைவி, கல்லூரிக்குப் போகும் மகள், மாடி வீட்டிலிருந்து வேடிக்கை பார்க்க இறங்கி வந்த மைத்துனன். தட்டுக்குள் வேகவைத்த கோழி பாதி இருந்தது. அதைச் சாப்பிட வேண்டியவர் மட்டும் எல்லோருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு வாசற்கதவின் முன்னால் உட்கார்ந்திருந்தார்.

அவர் பெயர் முதலாளி. நாய்க்குட்டியாக வந்த அன்றே வீட்டிலிருந்த நல்ல நாற்காலியில் ஏறிப் படுத்துக்கொண்டார். ஒரு வேலையும் செய்யாமல் உட்கார்ந்து சாப்பிடுகிறவனுக்கு வேறு என்ன பெயர் வைப்பது என்று மைத்துனன்தான் வைத்தான்.

"மாமா, எனக்கே யாரும் பாதிக் கோழி வெச்சதில்ல. அவர் வேண்டாம்னா நான் சாப்பிடட்டுமா?"

"தட்டுல கை வெச்சா கடிச்சிடும்டா" என்றாள் மனைவி.

"கடிச்சா நல்லதுதானேக்கா. வாய் வேலை செய்யுதுன்னு தெரிஞ்சுடும்."

யாரும் சிரிக்கவில்லை. முதலாளியின் விலா எலும்புகள் வரிவரியாகத் தெரிந்தன. காலையில் பேருக்குக் கொஞ்சம் பாலை நக்குவதோடு சரி. ராத்திரிச் சாப்பாட்டைத் தொட்டுப் பல நாளாகிவிட்டது. அன்று காலையில்தான் கால்நடை மருத்துவர் வாயைத் திறந்து பார்த்தார், வயிற்றை அமுக்கினார், ரத்தம் எடுத்தார். பல் சரி, குடல் சரி, எல்லாம் சரி.

"இன்னிக்கு ராத்திரியும் சாப்பிடலன்னா நாளைக்குக் கொண்டுவந்து இங்க விட்டுடுங்க. ட்ரிப்ஸ் ஏத்தித்தான் பார்க்கணும். வயசான உடம்பு, தாங்குதான்னு சொல்ல முடியாது" என்றவர், "வீட்டுல ஏதாவது மாறியிருக்கா?" என்று கேட்டார்.

"ஒண்ணும் மாறலையே டாக்டர்" என்றான் அவன். மனைவி யோசித்து, வாசல் மிதியடியை மாற்றியதைச் சொன்னாள். அவன் இரவு வேலையை விட்டதை இரண்டு பேருமே சொல்லவில்லை. நல்ல காரியத்தை யாரும் மருத்துவரிடம் போய்ச் சொல்வதில்லை.

நல்ல காரியம்தான் அது. வருஷக்கணக்காக, ஊர் சாப்பிட உட்காரும் நேரத்தில் அவன் சாப்பாட்டு டப்பாவைத் தூக்கிக்கொண்டு கிளம்பியிருக்கிறான். பகலில் ஜன்னலில் கறுப்புத் துணியைக் கட்டிவிட்டுத் தூங்கினான். உறவுக்காரர்கள் அவனுக்கு ஆந்தை என்று பெயர் வைத்திருந்தார்கள். மகள் என்ன படிக்கிறாள் என்று ஒருவர் கேட்டபோது போன வருஷத்து வகுப்பைச் சொன்னான். அன்றைக்குத்தான் வேலையை விடுவது என்று முடிவு செய்தான். இப்போது ஒரு இரும்புக் கடையின் கிடங்கில் ஆணியும் போல்ட்டும் எடுத்துக் கொடுக்கிறான். வெளிச்சம் போவதற்குள் வீடு. மனைவி எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறாள். மகள் அவன் தட்டிலிருந்து எடுத்துத் தின்கிறாள். இதெல்லாம் இன்னும் பழகவில்லை. விருந்துக்குப் போன வீடு மாதிரி கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது.

அவன் வீட்டிலிருப்பதில் அதிகம் மகிழப்போவது முதலாளிதான் என்று நினைத்திருந்தான். அதற்குக் காரணம் இருந்தது. அவன் ஷூ போடும்போதே அது எழுந்து வரும். கதவோரம் உட்கார்ந்து அவன் முகத்தையே பார்க்கும். மெல்ல முனகும். வாயோரம் ஈரமாக இருக்கும். நாம் போவதற்கு வருத்தப்பட இந்த வீட்டில் ஒரு ஆளாவது இருக்கிறதே என்று எண்ணிக்கொண்டே படியிறங்குவான். உலைச் சூட்டின் முன்னால் நிற்கும்போது அந்த முகத்தை நினைத்துக்கொள்வான். வெளியில் சொன்னால் சிரிப்பார்கள் என்று யாரிடமும் சொன்னதில்லை.

இப்போது அவன் எங்கும் போகவில்லை. அது சாகக் கிடக்கிறது. என்ன கணக்கு இது?

"நீங்க வீட்டுல இருக்கிறது பிடிக்கல போலிருக்கு மாமா" என்றான் மைத்துனன்.

"வாயைக் கழுவுடா" என்றாள் அக்கா.

அதே சந்தேகம்தான் நாலைந்து நாளாக அவன் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது.

மகள் ஒரு துண்டுக் கோழியை எடுத்து முதலாளியின் மூக்குக்கு நேராக நீட்டினாள். அது மோந்து பார்த்தது. வாயில் எச்சில் ஊறிச் சொட்டியது. ஆனால் வாங்கவில்லை. தலையைத் திருப்பி அவனைப் பார்த்தது, பிறகு கதவைப் பார்த்தது.

"பசி இருக்குப்பா. பாரு, எப்படி ஒழுகுது."

"இது எப்பவுமே அரை வயிறுதானே. நான் பார்த்து ஒரு நாளாவது ஒழுங்கா தின்னிருக்கா?" என்றான் அவன்.

மனைவி நிமிர்ந்து பார்த்தாள். "என்ன பேசறீங்க? தட்டைத் துடைச்சு வெச்சிடுமே. நான் கழுவவே வேண்டாம், அப்படி நக்கி வெச்சிருக்கும்."

"நான் ஒரு நாள்கூடப் பார்த்ததில்லையே."

"வாரத்துல ஒரு நாள்தாங்க சாப்பிடாது. அன்னிக்கு அதுக்கு விரதம். நாங்கதான் அப்படிச் சொல்லிச் சிரிப்போம்."

"எங்க தெருவுலேயே வாரா வாரம் விரதம் இருக்கிற நாய் இது ஒண்ணுதான்னு நான் பெருமையாச் சொல்லியிருக்கேனே" என்றான் மைத்துனன்.

"எந்த நாள் விரதம்?" என்று அவன் கேட்டான்.

"ஒரே நாள்னு கிடையாது. ஒரு மாசம் திங்கள்ல இருக்கும், அடுத்த மாசம் வியாழனுக்குப் போயிடும். அது இஷ்டம்."

அவனுக்கு மெதுவாகத்தான் உறைத்தது. பாட்டில் கம்பெனியில் வார விடுமுறை மாதாமாதம் மாறும். ஒரு மாதம் திங்கள் என்றால் அடுத்த மாதம் வேறு ஒரு நாள்.

"அது விரத நாள் இல்லடி. என் லீவு நாள்."

மகள் முதலில் புரிந்துகொண்டு இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஐயோ அப்பா! நீ கிளம்பின பிறகுதானே அம்மா கதவைப் பூட்டிட்டு அதுக்குச் சாப்பாடு வைப்பாங்க!"

அதுதான் வழக்கம். இரவில் இரண்டு பெண்கள் தனியாக இருக்கும் வீடு. அவன் வெளியே போனதும் மனைவி கதவைச் சாத்தி, சாவியை இரண்டு சுற்றுச் சுற்றி, மேல் தாழ்ப்பாளையும் போட்டுவிட்டு நேரே அடுக்களைக்குப் போவாள். தட்டு வரும். முதலாளிக்குத் தெரிந்த உலக நியதி அவ்வளவுதான். ஆந்தை வெளியே போக வேண்டும், கதவு பூட்டப்பட வேண்டும், பிறகுதான் சாப்பாடு. இத்தனை நாளாக அது ஒழுங்காகத்தான் காத்திருக்கிறது. இவன்தான் போகவில்லை.

அப்படியானால் அந்த முகம்? அந்த முனகல்? வாயோர ஈரம்? வருத்தமாவது மண்ணாவது. சீக்கிரம் கிளம்பித் தொலை என்று சொல்லியிருக்கிறது. இதை நினைத்துக்கொண்டா இத்தனை வருஷம் உலைக்கு முன்னால் நின்றோம் என்று அவனுக்குத் தோன்றியது. முகம் கொஞ்சம் சுருங்கியது. பிறகு அவனே பெரிதாகச் சிரித்துவிட்டான். முள் எடுபட்ட மாதிரி இருந்தது. பிடிக்காமல் போவதற்கும் பசித்துக் கிடப்பதற்கும் எவ்வளவோ வித்தியாசம் இருக்கிறது.

"சரி, நான் கிளம்பறேன்" என்று செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனான். மனைவி கதவைப் பூட்டினாள். மாடிப்படியில் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டான். ஒரு சத்தமும் இல்லை. கதவு திறந்தது. மைத்துனன் தலை தெரிந்தது.

"நம்பல மாமா. செருப்பைப் பார்த்தது, உங்க வெறுங்கையைப் பார்த்தது, திரும்ப வந்து உட்கார்ந்துடுச்சு. கம்பெனியில இப்படி ஒரு வாட்ச்மேன் இருந்திருந்தா ஒரு பாட்டில்கூடத் திருட்டுப் போயிருக்காது."

மனைவிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பீரோவின் அடியிலிருந்து பழைய கம்பெனிச் சட்டையை எடுத்து உதறினாள். மகள் ஷூவைத் தேடிக் கொண்டுவந்தாள். ஷூவுக்குள் ஒரு சிலந்தி குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது. தொப்பி, டார்ச், சாப்பாட்டு டப்பா. டப்பா காலியாக இருந்தால் வாசனையில் கண்டுபிடித்துவிடும் என்று மகள் சொல்லி, இரண்டு ரொட்டித் துண்டை வைத்து மூடினாள். இனி ஜென்மத்துக்கும் போடுவதில்லை என்று கழற்றி எறிந்த சட்டை அது. தோள்பட்டையில் உலைப் பொறி பட்ட ஓட்டைகள் அப்படியே இருந்தன. பொத்தான் போடும்போது வயிறு கொஞ்சம் தடுத்தது. வீட்டுச் சாப்பாடு ஒட்டியிருக்கிறது.

ஷூ கயிறு கட்டும்போதே முதலாளி எழுந்து வந்தது. கதவோரம் உட்கார்ந்தது. முகத்தைப் பார்த்தது. முனகியது. அதே முனகல்தான்.

"நடிப்பைப் பாரேன்" என்று அதன் காதைப் பிடித்துத் திருகினான். "போறேண்டா, போறேன்."

கதவு சாத்திக்கொண்டது, சாவி சுழன்றது, தாழ்ப்பாள் விழுந்தது. அவன் படியில் நின்றான். சிமெண்ட் தரையில் அலுமினியத் தட்டு தள்ளப்படும் சத்தம் கேட்டது. பிறகு எலும்பு நொறுங்கும் சத்தம்.

"அப்பா! தின்னுது!" என்று மகள் கதவுக்குள்ளிருந்து கத்தினாள்.

"கத்தாதடி, பாதியில விட்டுடப் போகுது" என்று மனைவி அதட்டுவதும் கேட்டது.

மறுநாள் மருத்துவரிடம் மைத்துனன் தொலைபேசியில் விஷயத்தைச் சொன்னான். அவர் சிரித்துவிட்டு, சாப்பாட்டு நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிப் பழக்கலாம், ஒரு மாதத்தில் வழிக்கு வரும் என்றார். பழக்கலாம்தான். யாரும் அவசரப்படவில்லை. அவனும் அவசரப்படவில்லை. தட்டு காலியாகும் நேரத்தில் தெருவை ஒரு சுற்றுச் சுற்றி, முனைக்கடையில் ஒரு டீ குடித்துவிட்டு வந்துவிடலாம். கம்பெனிச் சட்டையோடு நடப்பவனைப் பார்த்து, "திரும்ப வேலைக்குச் சேர்ந்துட்டீங்களா?" என்று கடைக்காரர் கேட்டார்.

"ஆமா. புது முதலாளி. ரொம்பக் கண்டிப்பு."

வாரக் கடைசியில் முதலாளியின் விலா எலும்புகளின் மேல் லேசாகச் சதை பிடித்திருந்தது. அன்று நல்ல மழை. வேண்டாம், இன்றைக்கு ஒரு நாள் விடலாம் என்று அவன் சொல்லிப் பார்த்தான். முதலாளி ஷூவுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டது.

மனைவி குடையை நீட்டினாள். "சீக்கிரம் கிளம்புங்க, அது பசியோட இருக்கு. பொய் டூட்டிக்குக்கூட லேட்டாத்தான் போவீங்களா?"

"நீயும் இத்தனை வருஷம் அதே அவசரத்துலதான் என்னை அனுப்பினியா?"

"பின்னே? நீங்க போனாத்தானே எனக்கும் சாப்பாடு" என்று சிரித்துவிட்டு, டப்பாவை அவன் கையில் திணித்து, முதுகில் கைவைத்து வெளியே தள்ளினாள். "நீங்க வந்ததும் சேர்ந்து சாப்பிடலாம். நனையாம வாங்க."

அவன் வாசற்படியைத் தாண்டினான். பின்னால் கதவு சாத்திக்கொண்டது. சாவி ஒரு சுற்றுச் சுற்றியது, இன்னொரு சுற்றும் சுற்றியது, மேல் தாழ்ப்பாள் விழுந்தது.