தோழன் என்ற புரதம்

அக்காவுக்கு முதலில் கனத்தது சீப்பு. கத்தரிக்கோல் இல்லை, ஹேர் டிரையர்கூட இல்லை, வெறும் சீப்பு. நாற்காலியில் உட்கார்ந்திருந்த உயரமான பெண்மணியின் உச்சந்தலைக்கு அதைக் கொண்டுபோக முடியாமல் வலது கை தோள் மட்டத்தோடு நின்றுவிட்டது. "கொஞ்சம் குனிஞ்சுக்கங்க" என்று சொல்லிச் சமாளித்தாள். அந்த வாரம் முழுக்கத் தன் முடி திருத்தும் கடைக்கு வந்த எல்லோரையும் குனியச் சொன்னாள். அதற்கடுத்த வாரம் தச்சரைக் கூப்பிட்டு நாற்காலிக் கால்களை அறுத்துக் குட்டையாக்கினாள்.

அவர்கள் குடும்பத்தில் அது புதுச் செய்தி இல்லை. அப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. தோள் தசை கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும். பிடிமானம் போன தோள்பட்டை எலும்பு முதுகுப் பக்கம் சிறகு மாதிரி துருத்தும். பிள்ளைகளில் யாருக்கு வரும், யாருக்கு வராது என்பது காசைச் சுண்டிப் பார்ப்பது போலத்தான். அக்காவுக்கு வந்தது. தம்பிக்கு வரவில்லை.

வரவில்லை என்று தெரிந்த நாளில் தம்பி சந்தோஷப்பட்டான். சந்தோஷப்பட்டதற்காகப் பிறகு வெட்கப்பட்டான். அப்பா போன பிறகு அவனைப் படிக்க வைத்தது அக்காவின் கத்தரிக்கோல்தான். அவனும் அக்காவின் வியாதியையே படித்தான். படித்து முடித்து, அந்த வியாதிக்குக் காரணமான புரதத்தை ஆராயும் கூடத்திலேயே வேலைக்குச் சேர்ந்தான்.

அவன் வேலை புரதங்களை எடை போடுவது. அதனால் கூடத்தில் எல்லோருக்கும் அவன் 'தராசு'. உடம்பின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் ஆயிரக்கணக்கான புரதங்கள் வேலை பார்க்கின்றன; ஒன்று தனியாக எதையும் சாதிப்பதில்லை, ஒன்றோடொன்று கைகோத்துத்தான் எல்லாம் நடக்கிறது. யார் யாரோடு சேர்கிறார்கள் என்று தெரிந்தால் யார் என்ன வேலை பார்க்கிறார்கள் என்று தெரியும். அதற்கு ஒரு வழி உண்டு. தசை செல்களை உடைத்து, அந்தக் கூழில் கண்ணுக்கே தெரியாத காந்த மணிகளை விடுவார்கள். மணிகளின் மேல் தூண்டில் முள் மாதிரி ஒன்று ஒட்டியிருக்கும்; அது தேடுகிற புரதத்தை மட்டும் பிடிக்கும். காந்தத்தை வைத்து மணிகளை ஒதுக்கினால் அந்தப் புரதமும் அதோடு கைகோத்தவர்களும் சேர்ந்து வருவார்கள். அவர்களைத் துண்டு துண்டாக நறுக்கி மெஷினுக்குள் அனுப்பினால், துண்டுகளின் எடையை வைத்து இன்னார் இன்னார் என்று அது சொல்லிவிடும்.

வியாதிப் புரதத்துக்குக் கூடத்தில் வைத்திருந்த பெயர் 'மாப்பிள்ளை'. தூண்டில் போடும் போதெல்லாம் மாப்பிள்ளையோடு இன்னொரு புரதமும் வந்தது. அதற்குப் பெயர் 'தோழன்'. தம்பி அங்கே சேர்வதற்கு முன்பே, கூடத்தின் தலைவி இதைக் கண்டுபிடித்துப் பெரிய பெயர் வாங்கியிருந்தாள். எல்லோரும் அவளை மேடம் என்பார்கள். மாப்பிள்ளை தோழனைக் கட்டிப்பிடித்து வேலை செய்ய விடாமல் தடுக்கிறான், அதனால்தான் தசை தேய்கிறது, இருவரையும் பிரித்தால் தேய்மானம் நிற்கும் என்பது மேடத்தின் வாதம். பிரிப்பதற்கு ஒரு கம்பெனி ஊசி மருந்தும் செய்துவிட்டது. நோயாளிகளுக்குப் போட்டுப் பார்க்க ஆள் சேர்த்தார்கள்.

அதே சமயத்தில் ஒரு சர்ஜன் அக்காவுக்கு வேறு வழி சொல்லியிருந்தார். தோள்பட்டை எலும்பை விலா எலும்போடு கம்பி போட்டுக் கட்டிவிடுவது. எலும்பு ஆடாமல் நின்றால், மிச்சமிருக்கும் புஜத் தசையே கையைத் தூக்கிவிடும்.

"புஜத்துல பலம் இருக்கறப்பவே பண்ணிடணும்மா" என்றார் சர்ஜன். "அதுவும் போயிட்டா நான் கம்பி கட்டலாம், கையைத் தூக்கத்தான் ஆள் இருக்காது."

ஆனால் மருந்துச் சோதனையில் சேர்ந்தால் அது முடியும் வரை, அதாவது இரண்டு வருஷம், ஆபரேஷன் கூடாது என்று விதி. அக்கா தம்பியைக் கடைக்கு வரச் சொன்னாள். அத்தானும் வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருந்தார்.

"ஆபரேஷனா, ஊசியா? எங்களுக்கு என்னடா தெரியும், நீ சொல்லு" என்றாள் அக்கா.

"கம்பி கட்டினா கை தூக்கும்க்கா. ஆனா தேயறது நிக்காது. ஊசி வேரையே பிடுங்கிடும்."

"சேர்றவங்கள்ல பாதிப் பேருக்கு வெறும் உப்புத் தண்ணியைத்தான் போடுவாங்களாமே?" என்று கேட்டார் அத்தான்.

"ஆமா அத்தான், யாருக்கு எதுன்னு டாக்டருக்கே தெரியாது. ஆனா முடிஞ்சதும் எல்லாருக்கும் நிஜ மருந்து குடுப்பாங்க."

"நீ அந்த மெஷின்ல கண்ணால பாத்தியா, அந்தத் தோழனை?"

"எத்தனையோ தடவை பாத்திருக்கேன்."

"அப்புறம் என்ன?" என்றாள் அக்கா. அன்று மாலையே சர்ஜனுக்குப் போன் செய்து வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

சோதனையில் சேர்ந்து ஒரு வருஷம் ஓடியது. மாதம் ஒரு ஊசி. அக்கா போகும் போதெல்லாம் மேடம் தானாக வந்து விசாரிப்பாள். "நம்ம தராசோட அக்கா" என்று மற்றவர்களுக்கு அறிமுகம் செய்வாள். கூடத்தின் வரவேற்பறையில் மாட்டிய படத்தில் மேடமும் அக்காவும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். அக்கா அதன் பிரதி ஒன்றைக் கடையிலிருந்த கண்ணாடியின் ஓரத்திலும் ஒட்டிக்கொண்டாள்.

"முன்ன விட ரெண்டு விரக்கடை மேல போகுதுடா" என்று கையைத் தூக்கிக் காட்டுவாள். தம்பிக்கு வித்தியாசம் தெரியவில்லை. தெரிந்தது போலத் தலையாட்டினான்.

அப்போதுதான் கூடத்துக்குப் புது மெஷின் வந்தது. பழையதைவிடப் பல மடங்கு கூர்மையானது. மாப்பிள்ளை, தோழன் உறவை அதில் மறுபடி அளந்து இன்னும் பெரிய கட்டுரையாக எழுத வேண்டும் என்றாள் மேடம். தம்பி உற்சாகமாகத்தான் ஆரம்பித்தான். எதற்கும் ஒப்பிட்டுப் பார்க்க இருக்கட்டும் என்று, மாப்பிள்ளையை உண்டாக்கும் மரபணுவையே வெட்டியெடுத்த செல்களிலும் ஒரு தூண்டில் போட்டான். அதில் ஒன்றும் வரக் கூடாது.

தோழன் வந்தான். மாப்பிள்ளையே இல்லாத கல்யாணத்தில் தோழன் மட்டும் ஜம்மென்று உட்கார்ந்திருந்தான்.

சோதனைக் குழாயைத் தவறுதலாக மாற்றி எடுத்துவிட்டோம் போல என்று நினைத்துத் திரும்பச் செய்தான். மறுபடியும் வந்தான். செல்களைப் புதிதாக வளர்த்தான், கரைசல்களைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்கினான். கடைசியில் மணிகளையே மாற்றி, வேறு வகை மணியில் அதே தூண்டில் முள்ளை ஒட்டினான். இந்தத் தடவை மாப்பிள்ளை தாராளமாக வந்தான். தோழனின் சுவடுகூட இல்லை.

தோழன் ஒட்டியது மாப்பிள்ளையோடு இல்லை, மணியோடு. எதில் பட்டாலும் பசை போல ஒட்டிக்கொள்ளும் ரகம். அந்தக் காலத்தில் ஒப்பீட்டுக்கு வைத்த வெற்று மணிகள் வேறு டப்பாவிலிருந்து எடுத்தவை. அவற்றில் ஒட்டாததால் யாரும் சந்தேகப்படவில்லை. செல்லுக்குள் அவர்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்ததுகூட இல்லை. இல்லாத உறவைப் பிரிக்கத்தான் மருந்து செய்திருந்தார்கள்.

மேடம் திரையிலிருந்த கோடுகளை நிதானமாகப் பார்த்தாள். கெட்டிக்காரி. அவன் விளக்க ஆரம்பிப்பதற்கு முன்பே புரிந்துகொண்டாள். முகம் ஒரு நிமிஷம் வெளிறியது. பிறகு பழையபடி ஆகிவிட்டது.

"சுவாரசியமா இருக்கு" என்றாள். "ஆனா இது ஒரு வழிதானே? வேற வழியிலயும் பாக்கணும். அவசரப்பட வேண்டாம்."

"மேடம், ஊசி போட்டுட்டிருக்காங்களே."

"மருந்தால யாருக்காவது கெடுதல் வந்திருக்கா? இல்லையே. சோதனை முடியட்டும், முடிவு தானே பேசும். ஒரு மணி ஒட்டுச்சு, ஒட்டலைன்னு சொல்லி இத்தனை பேரோட நம்பிக்கையை உடைக்கணுமா?" கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "அக்கா எப்படி இருக்காங்க? கை நல்லாத் தூக்க வருதுன்னு சொன்னாங்களே."

அவன் வெளியே வந்தான். எதற்காக அக்காவை விசாரித்தாள் என்று படியிறங்கும் போதுதான் உறைத்தது. உடைய வேண்டிய நம்பிக்கைகளில் முதலாவது அக்காவுடையது என்று நினைவூட்டியிருக்கிறாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கடை மூடும் நேரத்துக்குப் போனான். உதவிக்கு இருந்த பெண்கள் கிளம்பிவிட்டார்கள்; அக்காவை அழைத்துப்போக அத்தான் வந்து காத்திருந்தார். அக்கா தரையில் கிடந்த முடியைக் கூட்டிக்கொண்டிருந்தாள். குனிந்து செய்கிற வேலை என்பதால் அது மட்டும் அவளுக்குச் சுலபமாக வந்தது. அவன் எல்லாவற்றையும் சொன்னான். கல்யாணம், மாப்பிள்ளை என்ற வேடிக்கையெல்லாம் விட்டுவிட்டு, நேராகச் சொன்னான்.

"அதனால சோதனையை விட்டு வெளிய வந்துடுக்கா. நாளைக்கே சர்ஜனைப் பாப்போம்."

அக்கா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள். "மேடம் என்ன சொல்றாங்க?"

"அவங்க... அவசரப்பட வேண்டாங்கறாங்க."

"அவங்க தலைமுடி நரைச்சதே இந்த வேலையிலதான். நீ நேத்து வந்தவன்."

"அக்கா, நான் நாலு விதமாப் பாத்துட்டேன்."

"அன்னிக்கும் எத்தனையோ தடவை பாத்தேன்னுதானே சொன்ன?" குரல் உயரவில்லை. "அன்னிக்குப் பாத்ததும் நீதான், இன்னிக்குப் பாக்கறதும் நீதான். நான் எந்தத் தம்பியை நம்பறது?"

அத்தான் குறுக்கே வந்தார். "சொல்லட்டும்மா. அவன் நல்லதுக்குத்தானே சொல்றான்."

"பாருங்க." அக்கா வலது கையைத் தூக்கினாள். தோள் மட்டம் வரைக்கும் வந்தது. உடம்பை இடப்பக்கம் சாய்த்து, கழுத்து நரம்பு புடைக்க, இன்னும் கொஞ்சம் ஏற்றினாள். "தூக்குது பாத்தியா? இது பொய்யா? என் கை எனக்குப் பொய் சொல்லுமா?"

தம்பி அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். அது ஏறவில்லை, உடம்புதான் சாய்ந்திருந்தது.

மறுநாள் அக்கா நேராக மேடத்துக்கே போன் செய்தாள். மேடம் பொறுமையாகப் பேசினாளாம். தம்பி ரொம்ப உழைக்கிறான், பாசம் அதிகம், பயந்துவிட்டான், கொஞ்சம் ஓய்வு வேண்டும் என்றாளாம். அக்கா சோதனையில் தொடர்ந்தாள்.

தம்பி சும்மா இருக்கவில்லை. சோதனையைக் கண்காணிக்கும் குழுவுக்கு அத்தனை அளவுகளையும் அனுப்பினான். மருந்தால் ஆபத்து எதுவும் தெரியவில்லை, எனவே சோதனை திட்டப்படி நடக்கும் என்று பணிவான பதில் வந்தது. கூடத்தில் அவனைப் புது மெஷினிலிருந்து எடுத்து, செல்களை வளர்க்கும் அறைக்கு மாற்றினார்கள். யாரும் திட்டவில்லை. அவன் உள்ளே நுழைந்தால் பேச்சு நின்றது, அவ்வளவுதான். 'தராசு' என்று கூப்பிடுவதையும் ஒவ்வொருவராக விட்டுவிட்டார்கள்.

சோதனை முடிந்தது. மருந்து போட்டவர்களுக்கும் தண்ணீர் போட்டவர்களுக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. கம்பெனி மருந்தைக் கைவிட்டது. முடிந்ததும் எல்லோருக்கும் தருவதாகச் சொன்ன ஊசி யாருக்கும் வரவில்லை. யார் யாருக்கு எது போட்டார்கள் என்பதையும் சொன்னார்கள். அக்காவுக்குப் போட்டது உப்புத் தண்ணீர்.

அத்தான்தான் அவளைச் சர்ஜனிடம் அழைத்துப் போனார். தம்பி கூட வருவதாகச் சொன்னதற்கு, "வேணாம்ப்பா, அவ கோவிச்சுக்குவா" என்றார். சர்ஜன் புஜத்தை அழுத்திப் பார்த்தார், தள்ளச் சொன்னார், இழுக்கச் சொன்னார். "ரெண்டு வருஷம் முன்னாடி வந்திருக்கலாமேம்மா" என்றார். வந்தோமே என்று அத்தான் சொல்ல வாயெடுத்தாராம். அக்கா வேண்டாமென்று கண்ணைக் காட்டினாளாம்.

தோழன் கதை தப்பு என்று தம்பியின் அளவுகளை வைத்து ஒரு சின்னத் திருத்தம் வெளிவந்தது. மேடமே எழுதினாள். 'எங்கள் கூடத்தின் விழிப்பான மறுபரிசீலனை' என்று அதில் ஒரு வரி. பிறகு ஒரு பெரிய கூட்டத்தில், தோல்வியிலிருந்து விஞ்ஞானம் எப்படிக் கற்றுக்கொள்கிறது என்று பேசினாள். நோயாளிகளின் தியாகத்துக்கு நன்றி சொன்ன இடத்தில் கண்ணாடியைக் கழற்றி, நிஜமான கண்ணீரைத் துடைத்துக்கொண்டாள். எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். கடைசி வரிசையில் இருந்த தம்பியும் எழுந்தான். உட்கார்ந்திருந்தால் எல்லோர் முதுகும்தான் தெரியும். அதற்குள் கூடத்தில் வேறொரு புரதத்தைப் பிடித்து வேலை ஆரம்பித்தாகிவிட்டது.

தம்பி வேறு ஊரில் வேலை தேடிக்கொண்டான். சொல்லிவிட்டுப் போகலாம் என்று கடைக்குப் போனான்.

அக்கா இப்போது முடி வெட்டுவதில்லை. கண்ணாடிக்கு எதிரே ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, வெட்டுகிற பெண்களுக்கு யோசனை சொல்லிக்கொண்டிருந்தாள். "காதுக்கு மேல இன்னும் எடு. ம், போதும்." கண்ணாடியில் படம் இல்லை. ஒட்டியிருந்த இடத்தில் பசைத் தடம் மட்டும் இருந்தது. அவள் தலையை அன்று காலை அத்தான்தான் பின்னிவிட்டிருந்தார் என்று பார்த்தாலே தெரிந்தது. வகிடு கோணலாக ஓடியது. ஊருக்கெல்லாம் முடி திருத்தியவள்.

"வேற ஊருக்குப் போறேன்க்கா."

"அங்கயும் இதே வேலைதானா?"

"இதே வேலைதான்."

வெட்டுகிற பெண்களில் ஒருத்தி வந்து ஏதோ கேட்டதற்கு அக்கா பதில் சொல்லி அனுப்பினாள்.

"நீ சொன்னது தப்பா இருந்திருந்தா நான் எப்பவோ மறந்திருப்பேன்" என்றாள். "தண்ணிதான்னாலும் எனக்குத் தூக்குச்சுடா. அந்த ரெண்டு வருஷம் தூக்குச்சு. நடுவுல வந்து நீ சொன்ன பிறகு, ஒவ்வொரு தடவையும் தூக்கறப்ப உன் மூஞ்சிதான் தெரிஞ்சுது. நம்பவும் முடியல, விடவும் முடியல."

"எனக்கு மட்டும் என்னக்கா தெரியும் அன்னிக்கு..."

"அதைத்தான் அன்னிக்குச் சொல்லியிருக்கணும். தெரியாதுன்னு. ஒரு வார்த்தை." அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "அங்க யாராவது வந்து ஆபரேஷனா, ஊசியான்னு கேட்டா, அதையாவது சொல்லு."

அவன் எழுந்தான். தோளைத் தொடலாம் என்று கையை நீட்டியவன், அந்தத் தோளைப் பார்த்துவிட்டுக் கையை இழுத்துக்கொண்டான்.

"போயிட்டு வரேன்க்கா."

"போ" என்றாள் அக்கா.