நிறுக்காத பிரசாதம்

வேலம்பாளையத்து லைன் வீடுகளில் அனுசுயாவுக்கு ராட்சசி என்று பேர். பெற்ற பிள்ளை சோறு கேட்டு அழும்போது கதவைச் சாத்திக்கொண்டு அடிக்கிறவளை வேறு எப்படிச் சொல்வார்கள்? ஒருநாள் யாரோ கீழே போட்ட பிஸ்கட்டை அவளுடைய ஐந்து வயது மகன் பரணி பொறுக்கி வாயில் போட்டுக்கொண்டான். அனுசுயா அவன் தாடையைப் பிடித்து, விரலை விட்டுத் தோண்டி எடுத்துவிட்டு, முதுகில் நாலு வைத்தாள். பக்கத்து வீட்டு மயிலாத்தாள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"நீயெல்லாம் ஒரு தாயா?" என்று கேட்டே விட்டாள்.

கேட்க என்ன, வாய் இருந்தால் போதும். அந்தப் பிள்ளைக்கு இழுப்பு வந்தால் நுரை தள்ளிக் கண் செருகி, வெட்டி வெட்டி இழுப்பதை மடியில் போட்டுக்கொண்டு பார்த்தவள் அனுசுயா. எந்த மாத்திரைக்கும் அது அடங்கவில்லை. அந்த வயதிலும் அம்மா என்ற ஒரு சொல்லுக்கு மேல் அவனுக்குப் பேச்சு இல்லை. கடைசியாகக் கோயமுத்தூரில் ஒரு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். மருந்துக்கு அடங்காத பிள்ளைகளைச் சாப்பாட்டாலேயே அடக்க முடியுமா என்று அங்கே டாக்டர் ஜெபக்குமார் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். சோறு, இட்லி, பழம், சர்க்கரை எதுவும் கூடாது. நெய், தேங்காயெண்ணெய், முட்டை, கொஞ்சம் கீரை. உடம்பு கொழுப்பை மட்டும் எரிக்கப் பழகிவிட்டால் மூளை அடங்கும் என்றார். அவர் தெற்கத்திக்காரர்.

"எடை போடாம ஒண்ணும் உள்ள போவக் கூடாதும்மா. கொஞ்சம் சீனி பட்டாலும் பட்ட பாடெல்லாம் வீணாப் போயிரும், பாத்துக்கிடுங்க."

அனுசுயாவின் புருஷன் வேல்குமார் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். துணியில் வட்டமாக ஒரு துண்டு வெட்டி அதன் கனத்தை, ஜி.எஸ்.எம். என்பார்கள், பார்க்கிற சின்னத் தராசு ஒன்றை, பழசாகிவிட்டது என்று முதலாளியிடம் கேட்டு வாங்கி வந்தான். அன்றிலிருந்து பிள்ளையின் தட்டு அந்தத் தராசில் ஏறித்தான் இறங்கியது. முதல் வாரம் பரணி எல்லாவற்றையும் வாந்தியெடுத்தான். அனுசுயா மறுபடியும் நிறுத்து, மறுபடியும் மூக்கைப் பிடித்து ஊட்டினாள். அவனை அழவைத்துவிட்டுக் குளியலறையில் போய் அவளும் அழுவாள்.

ஐப்பசியில் ஆரம்பித்தது. மார்கழியில் இழுப்பு அடியோடு நின்றுவிட்டது. டாக்டரே வாயெல்லாம் பல்லாகச் சிரித்தார். அதைவிடப் பெரிய சங்கதி, பரணிக்குப் பேச்சு வந்தது. வாழ்க்கையில் முதன்முதலாக அவன் கோத்துச் சொன்ன வார்த்தை, "அம்மா சோறு போடு." அனுசுயா அவனைத் தூக்கிச் சுற்றினாள். இறக்கிவிட்டதும் அவன் மறுபடியும் கேட்டான். இல்லை என்றாள். விடாமல் கேட்டதற்கு அடித்தாள்.

வேல்குமார் பிள்ளைக்காகக் காவடி வேண்டியிருந்தான். தைப்பூசத்துக்குப் பழநிக்கு நடந்தே போய், கால் கொப்புளத்தோடும் பஞ்சாமிர்த டப்பாவோடும் திரும்பினான். வீடு கொள்ளாத சொந்தம். யாருக்காக வேண்டுதலோ, அவர்களுக்குத்தான் முதல் பிரசாதம். அனுசுயா தராசை எடுத்து வந்தாள்.

"ஏனுங்க, துளியூண்டு எடை போட்டுக் குடுத்தர்றனுங்க. அந்த அளவுக்கு மத்தியானச் சாப்பாட்டுல கொறச்சுக்கலாமுங்க."

"சாமி பிரசாதத்தப் பனியன் துணியாட்டத் தராசுல வெக்கறயா? இவன் பொழச்சதே முருகனாலதான் புள்ள. எடுத்து வை அத."

அவளே எடுத்து வைக்கும்வரை அவன் காத்திருக்கவில்லை. பிடுங்கி அலமாரி மேல் போட்டான். விரலில் தொட்டுப் பரணியின் நாக்கில் தடவினான்.

அந்த முகத்தில் வந்த வெளிச்சத்தை அனுசுயா பார்த்தாள். அவன் இன்னும் வேண்டும் என்று கேட்கவில்லை. சப்பிக்கொண்டே, அடிப்பாளா என்று அம்மா கையைப் பார்த்தான். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. எத்தனை நாள்தான் ஒருத்தி ராட்சசியாக இருப்பாள்? பிரசாதம்தானே, தின்பண்டமா என்று மனசு அவளுக்குச் சாதகமாகப் பேசியது. டப்பாவை வாங்கி, பிள்ளையை மடியில் வைத்து, அவன் போதும் என்று முகத்தைத் திருப்பும்வரை கரண்டி கரண்டியாக ஊட்டினாள்.

"இப்பத்தான் நீ தாயி," என்றாள் கூட்டத்தில் நின்ற மயிலாத்தாள். அனுசுயாவுக்கு அந்தப் பேச்சு இனித்தது.

மறுநாள் காலையில் பல் விளக்கும்போது பரணிக்கு இழுத்தது. பழைய இழுப்பு வந்தால் கொஞ்ச நேரத்தில் விட்டுவிடும். இது விடவில்லை. அவிநாசி வந்தது, கருமத்தம்பட்டி வந்தது, கோயமுத்தூர் போகிற வழி முழுக்கக் காரில் பிள்ளை வெட்டிக்கொண்டே இருந்தான். ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு நிறுத்தியபோது அவன் துவண்டு கிடந்தான்.

"எவ்வளவு குடுத்தீங்க?" என்று டாக்டர் கேட்டார்.

"எடை போடலீங்க."

அவர் பரணியின் ஆராய்ச்சித் தாள்களை மூடி வைத்தார். "சாப்பாட்ட மறுபடி ஆரம்பிப்போம்மா. இழுப்பு கொறையும். ஆராய்ச்சியில இனிமே இவன சேக்க முடியாது. போன பேச்சு வருமான்னும் எனக்குத் தெரியல."

வரவில்லை. அம்மா என்பதும் போய்விட்டது. வேல்குமார் ஊரெல்லாம் ஒரே பேச்சாகச் சொல்லித் திரிந்தான்: "சாமி பிரசாதத்தச் சந்தேகப்பட்டுத் தராசத் தூக்கிட்டு வந்தா, சும்மா உடுமா?" பாவி, தன் விரலை மறந்தே போனான். லைன் வீட்டுக்காரர்களும் ஆமாம் போட்டார்கள். அனுசுயா தராசை இறக்கித் துடைத்தாள். பிள்ளைக்கு மறுபடியும் நிறுத்து ஊட்டினாள். இப்போது அவன் அழுவதில்லை, துப்புவதில்லை, அடிக்க வேண்டிய வேலையே இல்லை.

ஒரு மத்தியானம் மயிலாத்தாள் வீட்டில் சோறு வடித்தார்கள். அந்த வாசத்துக்குப் பரணி எப்போதும் வாசலுக்கு ஓடுவான். அன்று தலைகூடத் திரும்பவில்லை. அனுசுயா போய் ஒரு கிண்ணம் சுடுசோறு வாங்கி வந்து, ஆவி பறக்க அவன் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"சோறு போடுன்னு கேளு சாமி. ஒருக்கா கேளு கண்ணு. அம்மா அடிக்க மாட்டேன்."

பரணி வாயைத் திறந்தான். இப்போதெல்லாம் எது கிட்டே வந்தாலும் அவன் அப்படித்தான் திறக்கிறான்.