களை பிடுங்கினவர்

பள்ளிக்கூடத்தைப் பராமரிக்கிற ஹவுஸ்மைஸ்டர் வகுப்பறைக் கதவடியில் வந்து நின்றதும், பின்னால் இருந்த யாகோப்பர் தலையை நீட்டிப் பார்த்தார். எல்லாக் கதவுகளின் திறப்புக்கொத்தும் அவன் இடுப்பில்தான். இன்றைக்கு அவன் கையில் ஒரு சின்னப் பூச்சட்டி. சட்டிக்குள் வெறும் மண்.

கோடை விடுமுறைக்கு முந்திய கடைசிச் சனிக்கிழமை அது. வுப்பர்டாலில் அந்த ஜெர்மன் பள்ளிக்கூடத்தின் அறையொன்றை இரவல் வாங்கித்தான் தமிழ் வகுப்பு நடந்தது. படிப்பிக்கிறவள் புஷ்பா. கிழமை முழுக்க முதியோர் இல்லத்துச் சமையலறையில் நின்றுவிட்டு, சனிக்கிழமை இங்கே வந்து ஒரு சதமும் வாங்காமல் தொண்டை கிழியக் கத்துகிறாள். யாகோப்பருக்கு அதுதான் பிடிபடவில்லை. தானம் கொடுத்த மாட்டுக்கும் பல்லைப் பிடித்துப் பார்க்கவேண்டும் என்கிற ஆள் அவர். பேத்தி நடாலியைக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போகாமல், வருசம் முழுக்கப் பின் வாங்கிலில் இருந்து காவல் காத்தார்.

"அண்ணை, நீங்களும் சோதினை எழுதப் போறியளோ?" என்று ஒருநாள் புஷ்பா கேட்டாள்.

"எனக்கு எழுத்து ஒத்துவராது. நீ இதிலை என்ன எடுக்கிறாய் எண்டு பாக்கிறன், பிள்ளை."

"பாத்துச் சொல்லுங்கோ. எனக்கும் தெரியாது."

போன கிழமை பிள்ளைகள் சோதினை எழுதிக்கொண்டிருக்க, யாகோப்பரின் கை சும்மா இருக்கமாட்டேன் என்றது. ஜன்னலோரம் வரிசையாகச் சட்டிகள். ஒவ்வொன்றிலும் ஏதோ எழுதி ஒட்டியிருந்தது. அதை யார் வாசித்தது? சட்டி நிறையப் புல்லும் மஞ்சளாய்ப் பூத்த களையும். வெள்ளைக்காரப் பிள்ளைகள் பராமரிக்காமல் விட்டுவிட்டதுகள் என்று நினைத்து ஒன்று விடாமல் பிடுங்கி, மண்ணையும் கிளறிவிட்டார். மன்னாரில் வயல் செய்த கை. வீட்டுக்குப் போகும்போது மனதுக்குள் ஒரு திருப்தி.

இன்றைக்கு ஹவுஸ்மைஸ்டர் சட்டியைக் காட்டிப் பேசி முடித்ததும் புஷ்பா மெதுவாகச் சொன்னாள். "அந்தப் பிள்ளையள் களையைத்தான் வளத்தவையாம். பாடமாம்."

"களையையோ?"

"ஓம் அண்ணை. ஆர் செய்ததெண்டு சொல்லாட்டி, லீவு முடிய எங்களுக்கு இந்த அறை இல்லையாம்."

அவள் சட்டியைப் பார்த்தாள். யாகோப்பரின் கையைப் பார்த்தாள். பிறகு திரும்பி ஹவுஸ்மைஸ்டரிடம், "இஷ் வார் தஸ்" என்றாள்.

யாகோப்பருக்கு ஜெர்மன் வராது. ஆனால் 'நான்தான் செய்தது' என்கிற அது மட்டும் விளங்கியது. அவர் கோப்பை கழுவிய உணவகத்தில் ஏதாவது உடைந்தால், 'வேர் வார் தஸ்', யார் செய்தது என்று முதலாளி கத்துவான். 'நான்தான்' என்று அந்தச் சமையலறையில் ஒருத்தரும் வாய் திறந்ததில்லை. அவரும்தான்.

வாங்கிலைப் பிடித்துக்கொண்டு எழும்பினார்.

"நீங்கள் இருங்கோ அண்ணை."

"நீ பேசாமல் இரு பிள்ளை." ஹவுஸ்மைஸ்டரின் முகத்துக்கு நேரே தன் கைகள் இரண்டையும் நீட்டினார். "இஷ் வார் தஸ்."

ஹவுஸ்மைஸ்டர் அவரைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். ஜன்னலடிக்குப் போய்ச் சட்டியை வெளிச்சத்தில் பிடித்தான். பிறகு வரச்சொல்லித் தலையை ஆட்டினான். யாகோப்பர் கிட்டப் போய்க் குனிந்தார். கிளறிய மண்ணுக்குள் இருந்து பச்சையாக, ஊசிமுனை அளவில் ஒன்று எட்டிப் பார்த்தது.

"வேர் அறுந்து உள்ளை நிண்டிட்டுது," என்றார் யாகோப்பர், புஷ்பாவிடம். "ஒழுங்காப் பிடுங்கேல்லை நான்."

அவள் அதை ஜெர்மனில் சொன்னாள். ஹவுஸ்மைஸ்டர் குனிந்தபடியே அடுத்த சட்டியை எடுத்தான். மூன்று தலைகளும் அதற்குள்ளும் பச்சையைத் தேடின.