தோணாக்கரைக் குவியல்

“இதுக்குள்ளால வாகனம் போகேலா தம்பி. வேற பாதை இரிக்கா?”

சாரதி கேட்டதும் ஸப்ரி, பின்னால் துணி போர்த்திக் கிடந்த கணவன் றாஸிக்கின் ஜனாஸாவுக்குப் பக்கத்தில் ஒடுங்கி உட்கார்ந்திருந்த தன் கூடப்பிறந்த ராத்தா பஸ்லியாவைத் திரும்பிப் பார்த்தான். மட்டக்களப்பு ஆஸ்பத்திரியிலிருந்து இவ்வளவு தூரமும் அவள் ஜனாஸாவில் வைத்த கையை எடுக்காமலே வந்திருந்தாள். இப்போது குனிந்து முன்கண்ணாடி வழியே பார்த்தாள்.

தோணாக்கரைத் தெருவின் பாதியை அடைத்துக்கொண்டு அந்தக் குவியல் கிடந்தது. தண்ணீரிலிருந்து அள்ளிக் காய்ந்து கறுத்த ஆற்றுவாழைச் செடிகள், அதற்குள் சிக்கிய போத்தல்கள், பொலித்தீன் பைகள், பிள்ளைகளின் பம்பர்ஸ், ஒரு பிரிட்ஜின் கதவு. இரவு பெய்த மழையில் அடிப்பக்கம் கரைந்து மீதித் தெருவிலும் சேறாகப் பரவியிருந்தது.

“வேற பாதை இல்ல,” என்றாள் பஸ்லியா. “இறக்குங்க.”

தெருவார் ஓடிவந்தார்கள். ஆளுக்கொரு பக்கம் பிடித்து, “பாத்து, வழுக்கும்” என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு, சேற்றில் கால் வைத்துத் தூக்கிப் போனார்கள். ஒருவருடைய செருப்பு புதைந்து போயிற்று. அவர் குனிந்து எடுக்காமல் ஒற்றைச் செருப்போடு நடந்தார். அபாயாவைத் தூக்கிப் பிடித்தபடி பஸ்லியா பின்னால் வந்தாள். குவியலைத் தாண்டும்போது மொய்த்திருந்த இலையான்கள் எழும்பி மறுபடி உட்கார்ந்தன.

றாஸிக் பள்ளிக்கூட வேன் ஓட்டியவர். காலையிலும் மத்தியானத்திலும் இந்தத் தோணாவை ஒட்டித்தான் அவருடைய ஓட்டம். ஊரின் மழைத் தண்ணீரைக் கடலுக்குக் கொண்டுபோக வேண்டிய தோணா, வருடக்கணக்காக ஊரின் குப்பையைத் தாங்கிக்கொண்டு நகராமல் கிடந்தது. வேனில் இருந்த சின்னப் பிள்ளை ஒன்று நாற்றத்தில் வாந்தியெடுத்த நாளில்தான் அவர், ‘அழகிய கரை’ என்று பெயர் வைத்து ஊரைத் துப்புரவாக்கப் புறப்பட்டிருந்த இளைஞர்களோடு போய்ச் சேர்ந்தார்.

தோணா துப்புரவாக்கிய அந்தச் சனிக்கிழமையை பஸ்லியாவும் சந்தோசமாகத்தான் பார்த்தாள். பக்கத்து ஊர்களான பாண்டிருப்பிலிருந்தும் நற்பிட்டிமுனையிலிருந்தும்கூடப் பொடியன்கள் வந்திருந்தார்கள். முழங்கால் பூட்ஸ் போட்டுக்கொண்டு இறங்கி, கயிறு கட்டி இழுத்து, கரையில் அள்ளிப் போட்டார்கள். பெண்கள் வாசலில் அடுப்பு மூட்டி இஞ்சித் தேத்தண்ணி ஊற்றினார்கள். பின்னேரம் தண்ணீர் அசைந்து கடல் பக்கம் போகத் தொடங்கியதும் றாஸிக் அவளைக் கூப்பிட்டுக் காட்டினார். “ஓடுது பாரு.” அவ்வளவுதான் சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் முகம் சேறாக இருந்தது.

குவியலை மறுநாள் டிரக்டர் வந்து ஏற்றும் என்றார்கள். டிரக்டர் வரவில்லை. வேளாண்மை வெட்டு தொடங்கிவிட்டிருந்தது. ஊரிலிருந்த டிரக்டர் எல்லாம் நாவிதன்வெளிப் பக்கம் நெல்லேற்றிக்கொண்டு நின்றன. தொண்டர்கள் அடுத்த வேலைக்குப் போனார்கள். பழைய டயர்களுக்கு மஞ்சளும் நீலமும் அடித்துப் பூக்கன்று வைத்தார்கள். பாலத்தடி மதிலில் பெரிய மீன்களை வர்ணத்தில் கீறினார்கள். அதைப் பார்க்க ஆட்கள் வந்து நின்று படம் பிடித்தார்கள். படத்தில் குவியல் விழாதபடி எல்லோரும் ஒரே பக்கமாகத் திரும்பி நின்றார்கள்.

பிறகு காலம் தப்பி மழை வந்தது. அள்ளிப் போட்டதெல்லாம் மெல்ல மெல்லத் தோணாவுக்குள் திரும்ப வழுக்கியது. றாஸிக்குக்கு அதைப் பார்த்துக்கொண்டு வேன் ஓட்ட முடியவில்லை. விடியலில் சுபஹ் தொழுதுவிட்டு மண்வெட்டியோடு இறங்குவார். சாரத்தை மடித்துக் கட்டி, வெறுங்காலோடு, சரிந்ததைக் கரைக்குத் தள்ளிவிட்டு வந்து குளித்து வேனை எடுப்பார். “உங்களுக்கு மட்டுமா இந்தத் தோணா?” என்று பஸ்லியா கேட்டாள். “தண்ணி மறிபட்டா மறுகா எல்லாம் வீண்தானே,” என்றார்.

காய்ச்சல் வந்தபோது மழையில் நனைந்தது என்று பனடோல் குடித்தார். கண் சிவந்தது. கெண்டைக்கால் தொடவிடாமல் நொந்தது. ஆஸ்பத்திரியில் டொக்டர், “வயல் வேலை செய்றவரா?” என்று கேட்டார். “இல்ல சேர், ஸ்கூல் வேன் ஓட்டுறவர்,” என்றாள் பஸ்லியா. “ஊத்தத் தண்ணிக்குள்ள இறங்கினவரா?” அவள் றாஸிக்கின் கால்களைப் பார்த்தாள். எலிக்காய்ச்சல் அதற்குள் சிறுநீரகத்தைப் பிடித்திருந்தது.

வீட்டுக்கு வந்த ஜனாஸாவைக் குளிப்பாட்டி, வெள்ளைத் துணியால் கபனிட்டு முன்மண்டபத்தில் வைத்தார்கள். உள்ளறையில் பெண்கள் யாசீன் ஓதிக்கொண்டிருந்தார்கள். கணவனை இழந்தவள் இருக்க வேண்டிய இத்தாவில் இருத்தியாகிவிட்டதால் பஸ்லியா அறையை விட்டு வெளியே வர முடியாது. றாஸிக்கின் தங்கை றாஹிலா அவள் கையைப் பிடித்தபடியே இருந்தாள். வந்தவர்கள் எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள். நல்ல மவுத்து. ஊருக்காகப் போனவர். சுவர்க்கவாதி. பஸ்லியா ஒவ்வொருவருக்கும் தலையசைத்தாள்.

மத்தியானம் லுஹருக்குப் பிறகு அழகிய கரைக்காரர்கள் வந்தார்கள். முன்னால் வந்தவன் பர்ஸான். வங்கியில் வேலை. இதையெல்லாம் தொடங்கியவன் அவன்தான். அறைவாசல் திரைக்கு அப்பால் அவன் ஸப்ரியிடம் தாழ்ந்த குரலில் கதைப்பது கேட்டது.

“குடும்பத்துக்கிட்ட ஒருக்காக் கேட்டுப்போட்டுச் செய்வம் எண்டு வந்த. பாலத்தடியில றாஸிக் காக்காட படத்தோட பெனர் ஒண்டு கட்டப்போறம். மறுகா கரையில மரம் நட்டு, இருக்கை ஒண்டு வெச்சி, அவர்ட பேரப் போடுவம் எண்டு கதச்சிரிக்கம்.”

ஸப்ரி திரைக்குப் பக்கத்தில் வந்தான். “ராத்தா, கேட்டீங்களா?”

“அந்தக் குவியல எப்ப எடுக்கிற எண்டு கேளு.”

அவன் திரும்பிப் போனான். “ராத்தாக்குச் சந்தோசமாம். நல்ல வேலையாம். அந்தக் குப்பையையும் ஒருக்காப் பாத்தா நல்லம் எண்டு சொல்றா.”

“ஓம் ஓம். அதுவும் திட்டத்துல இரிக்கி,” என்றான் பர்ஸான்.

ஸப்ரி மறுபடி திரைக்கருகே வந்தபோது பஸ்லியா பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள். “நான் சந்தோசம் எண்டு சொன்னனா?”

“ராத்தா, மவுத்தூட்டுல வெச்சி...”

“எப்ப எடுக்கிற எண்டு மட்டும் கேளு.”

அவன் போய், “உங்களுக்கு எப்ப வசதிப்படும் எண்டு கேக்குறா,” என்றான்.

பஸ்லியா எழுந்து நின்றாள். றாஹிலா கையை இறுக்கினாள். “மச்சி, ஆம்புளைகளுக்குக் கேக்கும்.”

“கேக்கட்டும்.”

யாசீன் ஓதியவர்களின் குரல் ஒவ்வொன்றாகக் குறைந்தது.

“தம்பி பர்ஸான், அவர் உங்களுக்கு எத்தின தரம் கோல் எடுத்தார்? மழைக்கு எல்லாம் திரும்ப உள்ளுக்கு இறங்குது எண்டு சொன்னாரா இல்லையா? நீங்க சுவருக்கு மீன் கீறிக்கிட்டு நிண்டீங்க. பூட்ஸையும் திருப்பி வாங்கிட்டுப் போயிட்டீங்க. அவர் வெறுங்காலோட இறங்கினார். பெனர் வேணா. பேரும் வேணா. அள்ளினத எடுங்க.”

திரைக்கு அப்பால் யாரோ செருமினார்கள்.

“டிரக்டர் கிடைக்கல்ல ராத்தா,” என்றான் பர்ஸான். “எல்லார்க்கிட்டயும் கேட்ட. பூட்ஸும் இரவல் வாங்கினதுதான், குடுக்க வேண்டிக் கிடந்திச்சு. நான் பொய் சொல்லல்ல.”

அவன் பொய் சொல்லவில்லை என்பது அவளுக்கும் தெரியும். அதுதான் தாங்கமுடியாமல் இருந்தது. ஒரு கள்ளனாக இருந்திருந்தால் ஏசித் தீர்த்திருக்கலாம். அவள் திரும்ப உட்கார்ந்தாள். சிறிது நேரத்தில் ஓதல் தொடங்கியது.

பின்னேரம் அஸருக்கு, ஜனாஸா வைத்த சந்தூக்கைத் தூக்கினார்கள். ஜன்னல் கம்பிக்குள்ளால் பஸ்லியா பார்த்தாள். குவியலடிக்கு வந்ததும் கூட்டம் ஒடுங்கி ஒற்றை வரிசையாயிற்று. தோள் மாற்ற இடமில்லாமல் சந்தூக்கு ஒரு கணம் தோணாப் பக்கமாகச் சரிந்து நிமிர்ந்தது. அதற்குப் பிறகு வெள்ளைத் தொப்பிகள் மட்டும் தெரிந்தன. பிறகு அவையும் இல்லை.

அடக்கிவிட்டு மையவாடியிலிருந்து ஆட்கள் திரும்பிக்கொண்டிருந்த வேளையில் தெருவில் டிரக்டர் சத்தம் கேட்டது. அது இழுத்துவந்த பின்பெட்டியில் வைக்கோல் ஒட்டியிருந்தது. ஓட்டிவந்தவர் நற்பிட்டிமுனைச் செல்லத்தம்பி. அந்தச் சனிக்கிழமை கயிறு இழுக்க வந்தவர்களில் ஒருவர். பர்ஸான் கோல் எடுத்த உடனே வெட்டைப் பாதியில் விட்டுவிட்டு வந்ததாக ஸப்ரி வந்து சொன்னான். “இவ்வளவு நாளும் வயலுக்குள்ள போன் வேல செய்யல்லயாம். காக்காட செய்தியே இப்பதான் தெரியுமாம்.”

பர்ஸானும் கூட வந்தவர்களும் அடக்கத்துக்குப் போட்டுப்போன வெள்ளைச் சாரங்களை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார்கள். மண்வெட்டி, கூடை, வெறுங்கை. தெருவில் நின்றவர்களில் சிலர் சேர்ந்தார்கள். மற்றவர்கள் அந்தப் பக்கம் பிடி, இந்தப் பக்கம் பிடி என்று சொன்னார்கள். கதவு, கட்டில் சட்டம், சாக்குச் சாக்காக அழுகல். பொழுதுபடும் மஃரிபுக்கு முன்னம் பெட்டி நிறைந்தது. தெருவை அடைத்ததில் அரைவாசி வெளித்தது.

பெட்டியைப் பூட்டிவிட்டுச் செல்லத்தம்பி சாதாரணமாகக் கேட்டார். “சரி தம்பி. எங்க கொண்டுபோய்க் கொட்டுற?”

ஆட்கள் பர்ஸானைப் பார்த்தார்கள்.

குப்பை கொட்ட முதலில் சொல்லியிருந்த பள்ளக்காணியின் சொந்தக்காரர் இப்போது விடமாட்டேன் என்கிறாராம். கடற்கரைப் பக்கம் கொண்டுபோனால் அந்தத் தெருவார் மறிப்பார்கள். பர்ஸான் போனைக் காதில் வைத்தபடி முன்னும் பின்னும் நடந்தான். ஸப்ரி ஜன்னலடிக்கு வந்தான்.

“விடிஞ்சாப் பாப்பம் எண்டு சொல்றாங்க ராத்தா. பெட்டி ராவைக்கு இஞ்சதான் நிக்கும் போல.”

பஸ்லியா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். பெட்டியின் இடுக்குகளால் கறுப்புத் தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது. அதன் கீழே அவர்கள் நின்றார்கள். பர்ஸானின் கணுக்காலுக்கு மேலே வரை சேறு. பக்கத்தில் நின்றவன் பெருவிரலைத் தூக்கி ஏதோ கீறியதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“ஸப்ரி,” என்றாள். “எல்லாரும் வெறுங்காலோட நிக்காங்க.”

“ஓம்.”

“உள்ள கூப்பிடு. சவுக்காரம் போட்டுக் கழுவச் சொல்லு. முழங்கால் வரைக்கும் கழுவணும். கீறல் உள்ளவன நாளைக்கே டொக்டர்ட்டப் போகச் சொல்லு. நான் சொன்ன மாதிரியே சொல்லு.”

அவன் இந்தத் தடவை அப்படியே சொன்னான். றாஹிலா குசினியிலிருந்து சுடுதண்ணியும் டெட்டோலும் கொண்டுபோய் வாசலில் வைத்தாள். வளவுக் குழாயடியில் அவர்கள் ஒருவர் பின் ஒருவராக நின்றார்கள். செல்லத்தம்பியும் நின்றார். பர்ஸான் கழுவிவிட்டு நகர்ந்தான். பிறகு என்ன நினைத்தானோ, வரிசையின் கடைசியில் போய் மறுபடி நின்றான்.

பள்ளியில் மஃரிப் பாங்கு சொன்னது. குழாய்த் தண்ணீர் நிற்கும் வரைக்கும் பஸ்லியா ஜன்னலைச் சாத்தவில்லை.